கதிர்ப்படவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்: எந்தக் கணக்கு வேண்டும், எது வேண்டாம்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

கதிர்ப்படவியல் முதலாண்டில் கணிதத்துக்கு எவ்வளவு இடம் தருவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் மோதிக்கொள்கின்றன. நுண்கணிதம் தெரியாதவருக்குக் கதிர்வீச்சு இயற்பியல் எப்படிப் புரியும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. எல்லாவற்றையும் கருவியே கணக்கிடுகிறது, இன்னும் எதற்குக் கணக்கு என்று மறுதரப்பு கேட்கிறது. முதல் தரப்பு தேவையில்லாத வேலியைக் கட்டுகிறது. இரண்டாம் தரப்பு தேவையான வேலியைப் பிடுங்குகிறது. பின்னம், விகிதம், வர்க்கம், அடுக்கு, மடக்கை, அலகு மாற்றம், ஒத்த முக்கோணம், குறை எண்கள்: எக்ஸ்ரே அறையிலும் சி.டி. அறையிலும் நாள்தோறும் புழங்குவது இவைதான். ஏறக்குறைய எல்லாமே பள்ளிக் கணக்கு. ஆனால் இங்கே அதை விரைவாகவும் திசை மாறாமலும் போட வேண்டும், ஏனென்றால் பிழை நோயாளியின் உடலில் போய் விழுகிறது.

நுண்கணிதத்தை முதலில் ஒதுக்கிவிடுகிறோம். பல கோணங்களில் எடுத்த அளவீடுகளிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டெடுக்கும் கணிதத்தை யோஹான் ராடோன் 1917 இல் எழுதினார். சி.டி.க்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மக்கும் 1979 இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தத் தொகையீடுகளை இன்று கணினி செய்கிறது. இடுப்பில் உலோக மூட்டு இருந்தால் படத்தில் ஏன் கோடுகோடாக விழுகிறது, அதைக் குறைக்க எதை மாற்றலாம் என்று மாணவருக்குத் தெரிந்தால் போதும். தொகையிடத் தெரியவில்லை என்பதற்காக ஒரு நல்ல கதிர்ப்படக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

தூரக் கணக்குக்கு வருவோம். பிழைகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது என்பது எங்கள் எண்ணம். குழாயிலிருந்து 100 செ.மீ. தூரத்தில் 5 எம்.ஏ.எஸ். (மில்லிஆம்பியர் × நொடி; குழாய் தரும் கதிரின் அளவு) போதுமாக இருந்த ஒரு படத்தை 180 செ.மீ.யில் எடுக்க வேண்டும். டிடெக்டருக்கு (படத்தைப் பதியும் தகடு) அதே அளவு கதிர் போய்ச் சேர எவ்வளவு எம்.ஏ.எஸ். வைப்பது? 180-ஐ 100 ஆல் வகுத்தால் 1.8. அதன் வர்க்கம் 3.24. ஐந்தால் பெருக்க 16.2. இதே கேள்விக்கு விடைத்தாள்களில் 9 என்றும் வரும், 1.54 என்றும் வரும். 9 எழுதியவர் வர்க்கத்தை விட்டவர். 1.54 எழுதியவர் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டவர். அவருடைய விடைக்கும் சரியான விடைக்கும் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி.

இந்தத் தலைகீழ்ப் பிழைக்கு மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தூரம் கூடினால் கதிர்ச்செறிவு எவ்வளவு குறையும் என்று ஒரு சூத்திரம் தருகிறோம். குறைந்ததை ஈடுகட்ட எம்.ஏ.எஸ்.-ஐ எவ்வளவு கூட்டுவது என்று இன்னொன்று தருகிறோம். இரண்டிலும் அதே தூரங்கள், அதே வர்க்கம். ஒன்றில் மேலே இருப்பது மற்றதில் கீழே. மனப்பாடம் செய்தவருக்குத் தேர்வு மேசையில் எது எது என்று குழம்பாமல் இருந்தால்தான் வியப்பு. ஆகவே இரண்டாவது சூத்திரத்தைத் தனியாகத் தரவே வேண்டாம் என்கிறோம். எண்ணைத் தொடும் முன் "விடை கூடுமா, குறையுமா" என்று ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள். தள்ளிப் போகிறோம், கதிர் குறைகிறது, ஆகவே எம்.ஏ.எஸ். கூட வேண்டும். கூட வேண்டுமென்றால் பெருக்கும் எண் ஒன்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 1.54 அங்கேயே அடிபட்டுப் போகும்.

கூடவே ஒரு வரிசையை மனத்தில் பதியவைக்கலாம்: 70, 100, 140, 200. இவற்றில் ஒவ்வொரு தூரமும் முந்தையதைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஆகவே ஒரு படி தள்ளினால் எம்.ஏ.எஸ். ஏறத்தாழ இரட்டிப்பு, ஒரு படி நெருங்கினால் பாதி. 180 என்பது 140-க்கும் 200-க்கும் இடையில் இருக்கிறது; எனவே 5 எம்.ஏ.எஸ். என்பது 10-க்கும் 20-க்கும் இடையில் எங்கோ போய் நிற்க வேண்டும். 9 என்ற விடையும் இப்போது தானாகவே சிக்கிக்கொள்ளும். வார்டில் நகரும் கருவியோடு நிற்பவருக்குக் கால்குலேட்டரைவிட இந்த வரிசை உதவும். கண்ணளவில் 100 என்று நினைத்த தூரம் உண்மையில் 120 ஆக இருந்தால், டிடெக்டருக்குப் போவது எதிர்பார்த்ததில் 69 சதவீதம்தான்.

அடுத்தது தசமப் புள்ளி. 320 மில்லிஆம்பியர், 25 மில்லிநொடி. 25 மில்லிநொடி என்பது 0.025 நொடி; பெருக்கினால் 8 எம்.ஏ.எஸ். இதை 0.25 என்று மாற்றிக்கொண்டால் 80. ஒரே ஒரு சுழியம் போனதற்குப் பத்து மடங்கு டோஸ். ஆயிரத்தால் வகுப்பது யாருக்கும் கடினமில்லை. ஆனால் மில்லிநொடி, நொடி, மில்லிஆம்பியர் மூன்றும் ஒரே வரியில் வரும்போது கை தடுமாறுகிறது. வழிமுறையின் ஒவ்வொரு படியிலும் அலகை எழுதாத விடைக்கு மதிப்பெண் குறைப்பதைக் கடுமை என்று சிலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

கே.வி.பி.யை (குழாயின் உச்ச மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்) 15 சதவீதம் கூட்டினால் டிடெக்டரைப் பொறுத்தவரை எம்.ஏ.எஸ்.-ஐ இரட்டித்ததற்கு ஏறத்தாழச் சமம் என்பது இத்துறையின் பழகிய விதி. 80 கே.வி.பி., 10 எம்.ஏ.எஸ். என்பதை 92 கே.வி.பி., 5 எம்.ஏ.எஸ். ஆக்கலாம். திரும்பி வரும்போதுதான் சதவீதம் காலை வாரும். 92-இல் 15 சதவீதத்தைக் கழித்தால் 78.2 வரும், 80 வராது. கூட்டும்போது 1.15 ஆல் பெருக்கியவர் குறைக்கும்போது 1.15 ஆல் வகுக்க வேண்டும். அது 13 சதவீதக் குறைப்பு. நடைமுறையில் ஏறத்தாழ இரண்டு கே.வி.பி. வித்தியாசம் பெரிதாக எதையும் கெடுத்துவிடாது, விதியே தோராயமானதுதான். ஆனால் கூட்டிய சதவீதத்தையே கழித்தால் பழைய இடத்துக்கு வரமாட்டோம் என்று புரியாதவர், டோஸ் அறிக்கையில் "30 சதவீதம் குறைந்தது, பிறகு 30 சதவீதம் கூடியது" என்று படித்துவிட்டுப் பழைய அளவே வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அது 91 சதவீதம்.

ஒரே நேரத்தில் பல மாற்றங்கள் வரும்போது காரணிகளைப் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. கிரிட் இல்லாமல் 100 செ.மீ.யில் 4 எம்.ஏ.எஸ். இப்போது 8:1 கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் தகடு) போடுகிறோம், எம்.ஏ.எஸ்.-ஐப் பெருக்க வேண்டிய பாடநூல் காரணி 4. தூரம் 120 ஆகிறது, காரணி 1.44. பெருக்கினால் 5.76, விடை 23 எம்.ஏ.எஸ். கூட்டியவருக்கு 5.44, அவர் விடை 21.8. இரண்டும் அருகருகே இருப்பதால் திருத்துபவர் ஏதோ தோராயப் பிழை என்று மதிப்பெண் போட்டுவிடுவார். வினா எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அதே கிரிட்டோடு கே.வி.பி.யை 15 சதவீதம் கூட்டச் சொல்லியிருந்தால் 4 × 0.5 = 2; கூட்டினால் 4.5. பிழை வெட்டவெளிச்சமாகியிருக்கும். பிழையை மறைக்கும் எண்களைக் கொண்ட வினா நல்ல வினா அல்ல.

வடிவியலில் ஒத்த முக்கோணம் ஒன்றே பெரும்பாலும் போதும். உருப்பெருக்கம் என்பது குழாயிலிருந்து டிடெக்டருக்கு உள்ள தூரத்தைக் குழாயிலிருந்து உறுப்புக்கு உள்ள தூரத்தால் வகுப்பது. 180 செ.மீ.யில், டிடெக்டருக்கு 15 செ.மீ. முன்னால் இருக்கும் 12 செ.மீ. அகல இதயம் 180/165 மடங்காகி 13.1 செ.மீ.யாகத் தெரியும். 100 செ.மீ.யில் எடுத்தால் 100/85 மடங்கு, 14.1 செ.மீ. மார்புப் படத்துக்கு ஏன் தள்ளி நிற்கிறோம் என்பதற்கு இந்த இரண்டு எண்களே விளக்கம். கழிக்க மறந்து 180-ஐ 15 ஆல் வகுப்பவர் உண்டு. இதயம் பன்னிரண்டு மடங்காகும் என்ற விடை வந்தும் அவர் திடுக்கிடவில்லை என்றால் அது கணக்குப் பிழை மட்டுமல்ல. அதே முக்கோணம்தான் விளிம்பு மங்கலையும் தருகிறது: 1.2 மி.மீ. ஃபோகல் ஸ்பாட் (குழாயில் கதிர் பிறக்கும் இடம்), உறுப்பு டிடெக்டரிலிருந்து 20 செ.மீ., குழாயிலிருந்து 80 செ.மீ. என்றால் மங்கல் 0.3 மி.மீ. டிடெக்டரின் பிக்சல் 0.14 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் இது இரண்டு பிக்சலுக்கு மேல். 0.6 மி.மீ. ஸ்பாட்டுக்கு மாறினால் பாதியாகும். திரிகோணமிதியில் சைன் என்னவென்று தெரிந்து, ஆனோடின் (குழாயில் அந்த ஸ்பாட் அமைந்த உலோக முனை) சரிவுக்கோணத்தால் ஃபோகல் ஸ்பாட் ஏன் சிறிதாகத் தெரிகிறது என்று சொல்ல முடிந்தால் போதும். நிலைப்படுத்தலில் வருவது கோணங்களின் கூட்டலும் கழித்தலும்தான். மண்டையோட்டின் டவுன் நிலையில் (பின்மண்டையைக் காட்டும் படநிலை) கண்-காது கோடு டிடெக்டருக்குச் செங்குத்தாக இருந்தால் கற்றையின் சாய்வு 30 பாகை. நோயாளியால் தாடையை அவ்வளவு தாழ்த்த முடியாமல் கண்குழியின் கீழ்விளிம்புக் கோடு செங்குத்தாக நின்றால் 37. இரண்டு கோடுகளுக்கும் இடையில் 7 பாகை என்று தெரிந்தவர் இரண்டாவது எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அடுக்குக்குறித் தேய்வு, அதாவது கதிர் கடக்கும் ஒவ்வொரு செ.மீ.யிலும் ஒரே விகிதத்தில் குறைவது, மாணவருக்கு உண்மையிலேயே புதிது. இங்கே மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்களுக்குத் தண்ணீரின் தேய்வுக் கெழு ஒரு செ.மீ.க்கு 0.206. 0.693-ஐ அதனால் வகுத்தால் அரைமதிப்புத் தடிமன் (கதிரைப் பாதியாக்கும் தடிமன்) 3.4 செ.மீ. 20 செ.மீ. தண்ணீர் என்பது ஏறத்தாழ ஆறு அரைமதிப்புத் தடிமன்கள்; பாதியின் பாதியாக ஆறு முறை வகுத்தால் 64-இல் ஒரு பங்கு, 1.6 சதவீதம். கால்குலேட்டரில் அடுக்குக்குறிச் சார்பை அழுத்தினாலும் அதே 1.6 வருகிறது. இரண்டு அரைமதிப்புத் தடிமன் வைத்தால் கதிர் முழுக்க நின்றுவிடும் என்று எண்ணும் மாணவர் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார், ஏனென்றால் பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்று என்பது அவருக்குப் பழகிய கணக்கு. உடல் 4 முதல் 5 செ.மீ. தடித்தால் எம்.ஏ.எஸ்.-ஐ இரட்டிக்கச் சொல்லும் நடைமுறை விதியும் இந்தத் தேய்விலிருந்து வந்ததே. அந்த இணைப்பைச் சொல்லிவிட்டால் இரண்டும் சேர்ந்தே மனத்தில் நிற்கும். எக்ஸ்ரே குழாயின் கற்றை பல ஆற்றல்களின் கலவை, முதலில் ஆற்றல் குறைந்த ஃபோட்டான்கள் வடிகட்டப்படுவதால் இரண்டாவது அரைமதிப்புத் தடிமன் முதலாவதைவிடப் பெரிது என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் செய்முறை வகுப்பில் அலுமினியத் தகடுகளை வைத்து அளக்கும்போது எண்கள் ஒத்துப்போகாமல் மாணவர் தன்னையே சந்தேகிப்பார்.

இனி, கருவியே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு. ஃபிலிம் காலத்தில் தவறான எம்.ஏ.எஸ். கண்ணுக்குத் தெரிந்தது: கூடினால் படம் கறுத்தது, குறைந்தால் வெளுத்தது. டிஜிட்டல் டிடெக்டரில் மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே பளபளப்புக்குக் கொண்டுவந்துவிடுகிறது. குறைந்தால் மணல்மணலாக இரைச்சல் தெரியும், யாராவது குறை சொல்வார்கள். கூடினால் படம் இன்னும் அழகாகத்தான் இருக்கும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதனால் எம்.ஏ.எஸ். மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போவது இத்துறை நன்கு அறிந்த நோய். அதைக் காட்டிக்கொடுப்பது திரையின் ஓரத்தில் இருக்கும் ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணைப் படிக்க மடக்கை தெரிய வேண்டும்.

2008 இல் வந்த ஐ.இ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலைப்படி எக்ஸ்போஷர் எண் டிடெக்டரை அடைந்த கதிருக்கு நேர்த்தகவில் இருக்கும். இலக்கிலிருந்து எவ்வளவு விலகினோம் என்பதைச் சொல்லும் விலகல் எண், கிடைத்த எண்ணுக்கும் இலக்குக்கும் உள்ள விகிதத்தின் (பத்தடி) மடக்கையைப் போலப் பத்து மடங்கு. இலக்கு 250, கிடைத்தது 500 என்றால் விகிதம் 2. அதன் மடக்கை 0.301, விலகல் எண் +3. அதாவது +3 என்பது இரட்டிப்பு. +1 என்பது 26 சதவீதம் கூடுதல். +6 என்பது நான்கு மடங்கு. -3 என்பது பாதி. மடக்கை தெரியாதவருக்கு +3 என்பது ஏதோ மூன்று சதவீதம்போலத் தோன்றும். "கொஞ்சம்தான் கூடியிருக்கிறது" என்று அடுத்த நோயாளிக்குப் போய்விடுவார். பழைய கருவிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கும் இடங்களில் சிக்கல் அதிகம். ஃபியூஜியின் எஸ் எண் எதிர்த்தகவில் ஓடும்: 200 என்பது 100 ஆனால் கதிர் இரட்டித்திருக்கிறது. கோடாக்கின் எண்ணில் 300 கூடினால் இரட்டிப்பு. ஒரே நிகழ்வு ஒரு திரையில் பாதியாகவும், இன்னொன்றில் 300 கூடியும், மற்றொன்றில் +3 ஆகவும் வருகிறது. நேர்த்தகவு, எதிர்த்தகவு, மடக்கை மூன்றையும் பிரித்தறியத் தெரியாதவர் கையில் இந்த எண்கள் வெறும் அலங்காரம்.

தானியங்கி எக்ஸ்போஷர் கட்டுப்பாடும் (போதுமான கதிர் வந்ததும் தானே நிறுத்தும் அமைப்பு) கே.வி.பி.யைத் தேர்ந்துகொடுப்பதில்லை, அறையைத் தாண்டி வார்டுக்குப் போகும் நகரும் கருவியில் பெரும்பாலும் அது இருப்பதுமில்லை.

இரைச்சலுக்கு வர்க்கமூலம். ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான்கள் என்றால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். 2,500 என்றால் 50, அதாவது 2 சதவீதம். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு டோஸ் வேண்டும். சி.டி.யில் 5 மி.மீ. துண்டை 1.25 மி.மீ. ஆக்கி, இரைச்சலும் பழையபடியே இருக்க வேண்டும் என்று கேட்கும் மருத்துவருக்கு என்ன பதில் சொல்வது என்பது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

சி.டி. எண்களில் (தண்ணீரைச் சுழியமாக வைத்துத் திசுவின் தேய்வைச் சொல்லும் எண்கள்) மாணவரை வீழ்த்துவது குறை எண்கள். திரையில் காட்டும் எண்களின் வீச்சுதான் ஜன்னல்; ஜன்னல் அகலம் 400, மையம் 40 என்றால் எல்லைகள் -160, +240. அகலத்தைப் பாதியாக்க மறந்தால் -360, +440 வரும். நுரையீரலுக்கு அகலம் 1500, மையம் -600: எல்லைகள் -1350, +150. சுழியத்தைத் தாண்டிக் கூட்டிக் கழிக்க ஓர் எண்கோடு வரைந்தாலே போதும். நீளவாக்கு டோஸில் (சி.டி. டோஸை ஸ்கேன் நீளத்தால் பெருக்கியது) ஒரு மி.மீ., செ.மீ. குழப்பம் காத்திருக்கிறது: 10 மில்லிகிரே, 35 செ.மீ. என்றால் 350 மில்லிகிரே-செ.மீ. மார்புக்கான காரணி 0.014 ஆல் பெருக்க 4.9 மில்லிசீவர்ட். நீளத்தை 350 மி.மீ. என்றே போட்டால் 49 வரும். அப்படி ஓர் எண்ணைக் கண்டதும் கை நின்றுவிட வேண்டும். டோஸ்-பரப்பு அளவிலும் (டோஸை அது விழும் பரப்பால் பெருக்கியது) இதே கதை. கருவிக்குக் கருவி அலகு மாறுகிறது. 1 கிரே-சதுர செ.மீ. என்பது 1000 மில்லிகிரே-சதுர செ.மீ., அதுவே 100 மைக்ரோகிரே-சதுர மீட்டர். சதுர அலகில் நூறால் இரண்டு முறை வகுக்க வேண்டும் என்பதை மறப்பவர்கள் பதிவேட்டில் நூறு மடங்கு பிழையோடு எழுதிவைப்பார்கள்.

கான்ட்ராஸ்ட் (படத்தில் உறுப்புகள் தெளிவாகத் தெரியச் செலுத்தும் மருந்து) கணக்கு வெறும் விகிதம்தான். 14 கிலோ குழந்தைக்கு மருத்துவர் கிலோவுக்கு 2 மி.லி. எழுதியிருந்தால் 28 மி.லி.; மி.லி.க்கு 300 மி.கி. அயோடின் உள்ள மருந்தானால் 8.4 கிராம் அயோடின். 350 செறிவுள்ள குப்பியை எடுத்துவிட்டு அதே 28 மி.லி.யைச் செலுத்தினால் 9.8 கிராம். கணக்குத் தாளில் குப்பியின் செறிவை எழுத ஒரு கட்டம் இருந்தால் இந்தப் பிழையை அங்கேயே பிடித்துவிடலாம்.

இவற்றை வைத்து உங்களிடம் கேட்பது இதுதான். கணிதத்தைத் தனித்தாளாக முதல் பருவத்தில் முடித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வர்க்கம் தூரக் கணக்கோடும், மடக்கை விலகல் எண்ணோடும், குறை எண் சி.டி. ஜன்னலோடும் வரட்டும். படிப்பு தொடங்கும்போது பின்னம், தசமம், அலகு ஆகியவற்றில் ஒரு சிறு சோதனை வைக்கலாம். யாருக்கு எதில் கூடுதல் பயிற்சி தேவை என்று அறிய மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், சேர்க்கையை மறுக்க அல்ல. தேர்வில் கால்குலேட்டரைத் தடுக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் "கூடுமா, குறையுமா, ஏறத்தாழ எவ்வளவு" என்று எழுத ஒரு கட்டம் வையுங்கள். அந்தக் கட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கொடுங்கள். மூன்று பெட்டி முக்கோணத்தில் ஒன்றை மூடிப் பார்க்கும் நினைவுக் குறுக்குவழியைப் பாடநூலிலிருந்து எடுத்துவிடுங்கள், எம்.ஏ.எஸ். கணக்குக்கு அது ஓடும், வர்க்கம் வந்த இடத்தில் தவறான விடையைத் துணிவோடு தரும்.

வாய்ப்பாட்டுத் தாளைத் தேர்வறையில் தருவது என்று முடிவெடுத்தால், அதில் எம்.ஏ.எஸ். ஈட்டுச் சூத்திரத்தைச் சேர்க்க வேண்டாம். கதிர்ச்செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்த்தகவில் மாறும் என்ற விதி மட்டும் இருக்கட்டும். மற்றதை மாணவர் அதிலிருந்து தாமே வருவித்துக்கொள்ளட்டும். அலகு மாற்றங்களை முழுமையாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கதிர்ப்படவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்